போய்ச் சேரும்வரை பிடிக்காத உலோகம்: எலும்புப் புற்றுக்கு மருந்து தேடி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் குரோம் டேனரிக்குள் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய டிரம்மை நிறுத்தி, உள்ளிருந்து ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பக்கம் தடித்த இடமாகப் பார்த்துக் கத்தியால் ஒரு துண்டு வெட்டுவார் மேஸ்திரி. வெட்டிய முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார். மேலிருந்து அடிவரை ஒரே நீலமாக இருந்தால் சரி. நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். மேல்தோல் மட்டும் குரோமைப் பிடித்துக்கொண்டு உள்சதை பச்சையாகவே நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அந்த வெள்ளைக் கோட்டைத் தவிர்க்கத்தான் தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். அமிலம் கூடிய நிலையில் குரோமியம் தோலின் புரதத்தைப் பிடிக்காமல் நழுவி நழுவி உள்ளே போகும். நடுவரை போய்ச் சேர்ந்த பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அமிலத்தைத் தணிப்பார்கள். அப்போதுதான் குரோமியம் பிடிக்கத் தொடங்கும். சோடியம் ஃபார்மேட் போன்ற ஒன்றை முன்கூட்டியே சேர்த்து, குரோமியத்தின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிவைப்பதும் உண்டு. இதற்கு ‘மாஸ்கிங்’ என்று பெயர். கடைசியில் ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கினால் வேலை முடியவில்லை.

எலும்புப் புற்றுநோய்க்கு உலோகச் சேர்மங்களை மருந்தாக்கும் முயற்சிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது இந்த டிரம்தான். உலோகம் போகும் வழியில் எதையும் பிடிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்ததை விடக் கூடாது. தோலில் தவறினால் ஒரு உருப்படி வீணாகும். உடம்பில் தவறினால் சிறுநீரகம் போகும், காது போகும், சில சமயம் உயிரே போகும். ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் ஆராய்ச்சியை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு வெறும் உவமை அல்ல. குரோமியம் பிடிக்கும் அந்தப் புரதம் கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறு போன்ற அதன் வடிவத்தை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். மனித எலும்பின் சாரமும் அதே வகைக் கொலாஜன்தான். அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகினால் எலும்பு. ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோயில், எலும்பைக் கட்ட வேண்டிய செல்கள் கட்டுமீறிப் பெருகி, சரியாக இறுகாத கொலாஜன் கூழை அவசர அவசரமாகக் கொட்டிக்கொண்டே போகின்றன. எலும்பிலேயே பிறக்கும் புற்றுகளில் குழந்தைகளையும் இளையவர்களையும் அதிகம் தாக்குவது இது.

‘எலும்புல கேன்சர்’ என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இதை அல்ல. மார்பகத்திலோ புரோஸ்டேட்டிலோ நுரையீரலிலோ தோன்றி எலும்புக்குப் பரவிய நோயைத்தான் அப்படிச் சொல்கிறோம். அது பெரியவர்களின் நோய், எண்ணிக்கையிலும் மிக அதிகம். ஆஸ்டியோசார்கோமா அரிது, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்கு வரும். ஆனால் அது தேடிப் பிடிப்பது பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதை. எலும்பு வேகமாக வளரும் முழங்காலை ஒட்டிய இடமே அதற்குப் பிடித்தமானது: தொடை எலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை.

இந்த வயதில் முழங்கால் வலித்தால் வீட்டில் என்ன சொல்வோம்? விளையாடும்போது அடிபட்டிருக்கும், சுளுக்கு, வளர்கிற வயது. எண்ணெய் போட்டு நீவிவிடுவோம், கட்டுப் போடுவோம். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் வாரக்கணக்கில் வற்றாத வீக்கமும் சுளுக்கு அல்ல. ஒரு எக்ஸ்ரே போதும், அனுபவமுள்ள கண் சந்தேகப்பட்டுவிடும். கட்டியை அழுத்தி நீவுவது நோயைக் கிளறிவிடலாம் என்று எலும்பு டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். உலோக மருந்தைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நுரையீரலுக்குப் பரவிவிட்ட பிறகு கொடுக்கும் எந்த உலோகமும் முன்பு போல வேலை செய்வதில்லை. பரவாத நிலையில் வந்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் பிழைக்கிறார்கள். பரவிய பின் வந்தால் அது இரண்டு மூன்றாகிவிடுகிறது.

இந்த நோயில் இன்றுவரை தன்னை நிரூபித்த உலோக மருந்து ஒன்றே ஒன்றுதான்: சிஸ்பிளாட்டின்.

மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1840-களின் நடுவில் இதைத் தயாரித்தார். ஒரு பிளாட்டினம் அணுவைச் சுற்றி இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா, அவ்வளவே. 120 ஆண்டுகள் அது வெறும் ரசாயனப் பொருளாகவே கிடந்தது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னட் ரோசன்பர்க், மின்சாரம் பாய்ச்சினால் பாக்டீரியா எப்படிப் பிரியும் என்று பார்க்கக் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளைப் பொருத்தினார். பாக்டீரியா பிரியவே இல்லை. நூல் நூலாக நீண்டது. மின்சாரம் செய்த வேலை அல்ல அது. மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினம் கரைசலில் இருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்து செய்தது. பிரிவதை நிறுத்துகிறது என்றால், கண்டபடி பிரியும் புற்றுச் செல்லை நிறுத்தாதா என்று அவர் கேட்டார். எலிகளில் நிறுத்தியது. 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

அது வேலை செய்யும் விதம் தோல் டிரம்மின் கணக்குத்தான். ரத்தத்தில் குளோரைடு உப்பு நிறைய இருக்கிறது. அந்த உப்புச் சூழலில் சிஸ்பிளாட்டின் தன் இரண்டு குளோரினையும் கழற்றாமல் அமைதியாகப் பயணம் செய்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் குளோரைடு பல மடங்கு குறைந்துவிடுகிறது. அங்கே குளோரின் கழன்று அந்த இடத்தில் நீர் வந்து ஒட்டுகிறது. பிளாட்டினத்தின் கை விடுபடுகிறது. அது நேராகப் போய் டி.என்.ஏ.வின் பக்கத்துப் பக்கத்துக் குவானின்கள் இரண்டைப் பிடித்து, ஏணியை ஒரு இடத்தில் மடக்கிவிடுகிறது. மடங்கிய டி.என்.ஏ.வைச் செல்லால் படியெடுக்க முடியாது. சரிசெய்யப் பார்க்கிறது, முடியாதபோது தன்னையே முடித்துக்கொள்கிறது. அதே நான்கு துண்டுகளை எதிரெதிராக மாற்றி அடுக்கினால் கிடைப்பது டிரான்ஸ்பிளாட்டின். உலோகம் அதே, எடை அதே. மருந்தாக அது பயன்படாது.

இந்தத் தத்துவத்தைக் கீமோ வார்டில் கண்ணால் பார்க்கலாம். சிஸ்பிளாட்டினைச் சலைனில்தான் கலப்பார்கள். அந்த உப்புதான் மருந்தைப் பாட்டிலுக்குள் கலையாமல் காக்கிறது. அலுமினியம் உள்ள ஊசியை அதில் படவிட மாட்டார்கள். பட்டால் பிளாட்டினம் கறுப்பாகப் படிந்துவிடும், மருந்து வீண். மருந்துக்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அல்லது அப்பா கையில் ஒரு அளவுக் குடுவையும் ஒரு காகிதமும் இருக்கும். பிள்ளை எத்தனை மில்லி சிறுநீர் கழித்தது என்று நேரம் போட்டு எழுதிக்கொண்டே வர வேண்டும். சிறுநீரகத்தில் பிளாட்டினம் தங்கிவிடாமல் கழுவி வெளியேற்றுவதற்கான ஏற்பாடு அது. ஆஸ்டியோசார்கோமாவில் ஒரு சுற்றுக்கு உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 120 மில்லிகிராம் என்ற கனத்த அளவில் கொடுப்பதால் இதில் அசட்டையாக இருக்க முடியாது. அந்தக் காகிதத்தை ஒழுங்காக எழுதும் தாய் சிகிச்சையில் டாக்டருக்குச் சமமான வேலையைச் செய்கிறாள் என்று நான் மனதார நம்புகிறேன்.

இவ்வளவு பாடும் எதற்கு? 1986-ல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஒரு சோதனை வெளிவந்தது. ஆஸ்டியோசார்கோமாவுக்கு அறுவை மட்டும் செய்தவர்களில் இரண்டு ஆண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். அறுவையோடு சிஸ்பிளாட்டினும் அடங்கிய கூட்டு மருந்துகளைப் பெற்றவர்களில் 66 சதவீதம். புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். இன்று உலகின் பல நாடுகளில் மெதோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. மெதோட்ரெக்சேட்டைப் பெரிய அளவில் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வக வசதியும் செலவும் வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை அதைத் தவிர்த்து, ஐபாஸ்ஃபமைடைச் சேர்த்து ஒரு முறையை வகுத்தது. எந்த முறையை எடுத்தாலும் சிஸ்பிளாட்டின் அதில் இருக்கிறது. பழைய மருந்து, காப்புரிமை முடிந்தது, இந்தியாவிலேயே தயாராகிறது. உயிர்காக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு.

பிறகு ஏன் புது உலோகம்? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. சிஸ்பிளாட்டின் உள்காதின் நுண்முடிச் செல்களைக் கொல்கிறது; போன கேட்கும் திறன் திரும்பாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. சோடியம் தயோசல்பேட் என்ற எளிய உப்பு காதைக் காப்பாற்ற உதவும் என்று 2022-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி தந்தார்கள். அதுவும் நோய் பரவாதவர்களுக்கே. அடுத்தது, புற்றுச் செல் கற்றுக்கொள்கிறது. பிளாட்டினத்தை வெளியே தள்ளும் வாசல்களைப் பெருக்குகிறது, கந்தகம் நிறைந்த குளூட்டாதயோனை உற்பத்தி செய்து பிளாட்டினத்தை வழியிலேயே மடக்குகிறது. மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது: முன்னேற்றம் நின்றுவிட்டது. பல நாடுகள் சேர்ந்து 2,260 நோயாளிகளைப் பதிவு செய்த யூராமோஸ்-1 சோதனையில், முதல் கட்ட மருந்துக்குச் சரியாகப் பணியாத கட்டிகளுக்குக் கூடுதலாக இரண்டு மருந்துகள் சேர்த்துப் பார்த்தார்கள். பக்க விளைவு கூடியது, பலன் கூடவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிழைப்போர் விகிதம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

உலோகம் என்றாலே நம் மாவட்டங்களில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த அரசு சார்ந்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை அது திறந்தவெளியில் விட்டுப் போனது; மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ‘மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இங்குள்ள கிணறுகள்தான் அந்தத் தீர்ப்புக்கு விலை கொடுத்தவை.

ஆனால் அதே குரோமியம் நமக்கு ஒரு ரசாயனப் பாடத்தையும் சொல்கிறது. டிரம்மில் நீலமாக ஓடுவது மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம். செல்லுக்குள் எளிதில் நுழையாது. கழிவு மேட்டில் மஞ்சளாகக் கசிவது ஆறாம் நிலை. அதன் உருவம் உடம்புக்குப் பழக்கமான சல்பேட்டைப் போலவே இருப்பதால், செல் தன் சல்பேட் வாசலைத் திறந்து அதை உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் அது படிப்படியாக மூன்றாம் நிலைக்கு இறங்கும். இறங்கும் வழியில் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். நுரையீரல் புற்றை உண்டாக்கும் பொருள் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது அது. மாறுவேடத்தில் நுழைந்து உள்ளே வேடம் கலைப்பது என்ற தந்திரம் சிஸ்பிளாட்டினுக்கும் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கும் பொதுவானது. ஒன்று மருந்து, மற்றது நஞ்சு. ஆகவே ‘இந்த உலோகம் நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்த நிலையில், எந்த ஈனிகளோடு (உலோகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் துணைத் துண்டுகளோடு), எவ்வளவு, எந்த வாசல் வழியாக என்று கேட்டால்தான் விடை வரும்.

அப்படிக் கேட்டுக்கொண்டு மற்ற உலோகங்களைப் பார்ப்போம்.

எலும்பைத் தானே தேடிப் போகும் குணம் காலியத்துக்கு உண்டு. உருவத்தில் இரும்பின் அயனியைப் போல இருப்பதால், இரும்புக்கு அலையும் புற்றுச் செல் ஏமாந்து அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் இரும்பைப் போல எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்க அதற்குத் தெரியாது, டி.என்.ஏ.வுக்குச் செங்கல் செய்யும் நொதி முடங்குகிறது. புற்றுநோயால் ரத்தத்தில் கால்சியம் ஏறும் நிலைக்குக் காலியம் நைட்ரேட்டை 1991-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். எலும்பு கரைவதை அது தடுத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோகுலரமணன் சுந்தரலிங்கத்தின் குழு, காலியத்தோடு டிஃப்ளுனிசால் என்ற வலிமருந்தை ஈனியாக இணைத்து, ஆஸ்டியோசார்கோமாவின் ‘தண்டு செல்’களைக் குறிவைக்கிறது. கட்டியில் மிகச் சிறுபான்மையாக இருந்துகொண்டு, கீமோவில் மற்றவை செத்த பிறகும் பதுங்கியிருந்து மீண்டும் முளைப்பவை அவை. எல்லா உலோக ஆராய்ச்சியிலும் இந்தத் திசைதான் கேள்வியைச் சரியாகக் கேட்கிறது என்பது என் கணிப்பு. பெருங்கூட்டத்தைக் கொல்லச் சிஸ்பிளாட்டின் இருக்கிறது. விதை நெல்லைக் கொல்லத்தான் ஆள் இல்லை. ஆனால் இதுவரை நடந்தது ஆய்வகத் தட்டில்.

தங்கத்துக்கு வேறு வழி. ஆரனோஃபின் என்ற தங்கச் சேர்மம் முடக்குவாதத்துக்கு மாத்திரையாக 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது ஏற்கெனவே தெரியும். செல்லை ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து காக்கும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் நொதியைத் தங்கம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் இயற்கையாகவே ஆஸ்டியோசார்கோமா வந்த வளர்ப்பு நாய்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு இதையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் நாய்களிடம் ஆயுள் கூடியது. பெரிய உடல்வாகு நாய்களுக்கு இந்த நோய் அடிக்கடி வரும், மனிதருக்கு வருவதைப் போலவே நுரையீரலுக்குப் பரவும். எலியில் செயற்கையாக ஒட்டிய கட்டியைவிட நாய் தரும் சாட்சி எனக்குக் கனமாகத் தெரிகிறது.

ருத்தேனியத்தின் மேல் வைத்த நம்பிக்கை பெரிது. இத்தாலியின் திரியெஸ்தே குழு உருவாக்கிய நாமி-ஏ, முதல் கட்டியை விட்டுவிட்டு நுரையீரலுக்குப் பரவியதை அடக்குகிறது என்று எலிகளில் காட்டியது. ஆஸ்டியோசார்கோமாவில் ஆளைக் கொல்வது நுரையீரல் பரவல்தான் என்பதால் அதைக் கேட்டு ஆவல் எழாமல் இருக்காது. நுரையீரல் புற்று நோயாளிகளிடம் சோதித்தபோது போதிய பலன் இல்லை, கைவிட்டார்கள். செம்பு மலிவானது, உடம்புக்குப் பழக்கமானது. செல்லுக்குள் அளவு மீறினால் தனி வகை மரணத்தை உண்டாக்குகிறது என்று 2022-ல் விளக்கினார்கள். வனேடியச் சேர்மங்களை எலும்புப் புற்றுச் செல்களில் பல ஆண்டுகளாகப் பொறுமையாகச் சோதித்துவருவது அர்ஜென்டினாவின் லா பிளாட்டா குழு. இவற்றில் ஒன்றுகூட எலும்புப் புற்று நோயாளியின் படுக்கை அருகே வரவில்லை.

கதிர்வீச்சு உலோகங்கள் தனிக் கதை. சமாரியம்-153ஐ பாஸ்போனேட் ஈனியில் பூட்டி ஊசியாகப் போட்டால், எலும்பு உருவாகும் இடங்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும்; 46 மணி நேரத்தில் பாதியாகத் தேயும். எலும்புக்குப் பரவிய புற்றின் வலியைத் தணிக்க இது 1997 முதல் பயன்படுகிறது, இந்தியாவிலும் அணுசக்தித் துறை தயாரிக்கிறது. ஆஸ்டியோசார்கோமா கட்டியும் எலும்பு செய்வதால் அங்கேயும் போகும். கைவிடப்பட்ட நிலையில் இருந்தவர்களுக்கு மிகக் கனமாகக் கொடுத்துப் பார்த்தபோது வலி குறைந்தது. குணம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேதியியல் செழிப்பாக இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவரின் குழு செம்புச் சேர்மங்களில் நெடுங்காலம் உழைத்தது. திருச்சி என்.ஐ.டி.யில் கார்வேம்புவின் குழு ருத்தேனியத்தில், நம் காட்பாடி வி.ஐ.டி.யில் பிரியங்கர் பைராவின் குழு ருத்தேனியம், இரிடியம், ரேனியம் சேர்மங்களில் வேலை செய்கின்றன. மூலக்கூறு செய்யும் திறமையில் நம் ஆய்வகங்கள் யாருக்கும் குறைந்தவை அல்ல.

எங்கே தடைபடுகிறது? இத்துறைக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: எங்கள் சேர்மம் புற்றுச் செல்லைச் சிஸ்பிளாட்டினைவிடக் குறைந்த அளவிலேயே பாதியாக்குகிறது. உண்மையாகவே இருக்கும். ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு ரத்தம் கிடையாது, கல்லீரல் கிடையாது, போகும் வழி கிடையாது. தோல் மேற்பரப்பு நீலமாகிவிட்டது என்று மட்டும் அது சொல்கிறது. வெட்டுமுகம் இன்னும் யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆரோக்கியமான எலும்புச் செல்லை வைத்து ஒப்பிட்டார்களா, ரத்தச் சீரத்தில் சேர்மம் எத்தனை மணி நேரம் கலையாமல் நிற்கிறது, எலியின் சிறுநீரகம் என்ன ஆயிற்று என்ற மூன்று கேள்விகளோடு படித்தால் பல அறிவிப்புகள் மெலிந்துபோகின்றன.

அந்தத் தட்டுகளில் இருக்கும் செல்கள் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் ஆஸ்டியோசார்கோமா ஆராய்ச்சிக்குப் பயன்படும் யூ-2 ஓ.எஸ். செல்கள் 1964-ல் 15 வயதுப் பெண் ஒருத்தியின் கட்டியிலிருந்து எடுத்தவை. சாவோஸ்-2, 11 வயதுச் சிறுமியுடையது. எம்.ஜி-63, 14 வயதுப் பையனுடையது. அந்தப் பிள்ளைகளின் நோய் அரை நூற்றாண்டாகக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை அறிந்த பிறகு அந்தச் செல்களை வெறும் எண்களாகப் படிக்க என்னால் முடியவில்லை.

தட்டிலிருந்து படுக்கைவரை ஒரு நஞ்சைக் கொண்டுவந்த முன்னுதாரணம் வேலூரிலேயே இருக்கிறது. அது ஆர்சனிக். ரசாயனப் புத்தகம் அதை உலோகப்போலி என்று சொல்லும். நம் வழக்கில் வெள்ளைப் பாஷாணம். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் ஆர்சனிக் ட்ரையாக்சைடை ரத்தப் புற்றுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஏ.பி.எல். என்ற வகைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது; அந்த நோயை ஓட்டும் பிழைப் புரதத்தையே ஆர்சனிக் பிடித்துச் சிதைக்கிறது. உலகம் அதை மற்ற கீமோவோடு சேர்த்தும், நோய் திரும்பியவர்களுக்கும் தந்துகொண்டிருந்தபோது, வேலூர் சி.எம்.சி.யில் விக்ரம் மேத்யூஸ், மம்மன் சாண்டி முதலியோர் புதிதாக வந்த நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். 1998 தொடங்கி 2004 வரை 72 பேர். அவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியது. பெரும்பாலோருக்கு அது நிலைத்தது. 2006-ல் வெளிவந்த அந்த ஆய்வை உலக ரத்தவியல் துறை கவனித்தது. வழக்கமான சிகிச்சைக்குச் செலவு செய்ய முடியாத குடும்பங்களுக்கு அது வழி திறந்தது. இப்போது ஏ.பி.எல்.லுக்கு ஆர்சனிக்கையும் ஒரு வைட்டமின்-ஏ வழிப்பொருளையும் சேர்த்துக் கொடுப்பது உலக வழக்கமாகிவிட்டது.

மஜ்ஜை வேறு, எலும்பு வேறு. ஆஸ்டியோசார்கோமாவில் ஆர்சனிக் அப்படி வேலை செய்யும் என்று யாரும் காட்டவில்லை. நான் சுட்டுவது அந்த வழியை. ஒரே நோய், ஒரே மருந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கு, நெறிக்குழுவின் ஒப்புதல், வருடக்கணக்கில் பின்தொடர்தல். இதே ஆர்சனிக்கைப் பேர் தெரியாத பொடியாக வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சித்த மருத்துவம் பாஷாணங்களுக்குச் சுத்தி முறை வகுத்த மரபு, அதை மதிக்கிறேன். ஆனால் சிஸ்பிளாட்டின் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, டாக்டரிடம் சொல்லாமல் ஒரு செந்தூரத்தையோ பற்பத்தையோ தேனில் குழைத்துக் கொடுப்பது அந்தச் சிறுநீரகத்தின் மேல் இரண்டாவது பாரத்தை ஏற்றுவது. தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

உலோகம் இந்த நோயில் இன்னொரு வடிவத்திலும் உதவுகிறது. ஒரு காலத்தில் கட்டி என்றாலே காலை எடுத்துவிடுவார்கள். சென்னையில் மயில்வாகனன் நடராஜன், நோயாளியின் அளவுக்கே செய்த உலோக எலும்பை, கட்டி இருந்த எலும்பை வெட்டிய இடத்தில் பொருத்தும் முறையை 1980-களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்தார். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றார். வெளிநாட்டு விலை எட்டாத குடும்பங்களின் பிள்ளைகள் சொந்தக் காலோடு நடந்தது அதனால்தான். கட்டியைச் சுருக்க முதலில் சிஸ்பிளாட்டின், பிறகு அந்த உலோகம்.

காட்பாடியில் மூலக்கூறு பிறக்கிறது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆர்சனிக்கைப் படுக்கைவரை கொண்டுவந்த மருத்துவமனை. சிறிது நேர பஸ் பயணம். இந்த இரண்டு கரைகளுக்கு நடுவே போக வேண்டிய முதல் பொருள், என் கணக்கில், ஒரு மருந்துப் புட்டி அல்ல. கீமோ தொடங்கும் முன் பயாப்ஸியில் எடுக்கும் கட்டியின் ஒரு சிறு துண்டு, பெற்றோரின் சம்மதத்தோடு, ஐஸ் பெட்டியில். 1964-ன் செல்லில் வெற்றி கண்ட சேர்மம், இந்த வருடம் குடியாத்தத்திலிருந்தோ வாலாஜாவிலிருந்தோ முழங்கால் வலியோடு வந்த பிள்ளையின் கட்டியில் எவ்வளவு ஆழம் போகிறது என்று அந்தத் துண்டை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.